சத்தம் கேட்டால் படிக்கிறான் என்று நினைத்தேன்

தம்பி, பக்கத்தைத் திருப்பாதே. இது உன் அப்பாதான். லொறிக்காரரிடம் கொடுத்தனுப்பிய கடிதங்களை நீ பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாய். ஆனால் பேப்பரை மட்டும் முதல் வரியிலிருந்து மரண அறிவித்தல் வரைக்கும் ஒன்றும் விடாமல் வாசிக்கிறவன் நீ. கந்தளாயில் நீ வேலை செய்கிற நெல் ஆலைக்கு முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையில், காலையில் பேப்பர் உன் கைக்குத்தான் முதலில் வருகிறதாம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. ஊர் சிரிக்கும் என்ற பயம் எனக்கு இல்லை. உனக்கு வெட்கமாக இருக்கும். இதை வேறு பிள்ளைகளின் தாய் தகப்பன் வாசித்தாலும் வாசிக்கட்டும். அவர்களில் பாதிப்பேர் என்னைப் போலத்தான் இருப்பார்கள்.

விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். உயர்தரச் சோதனைக்கு இன்னும் இரண்டு மாதமும் முழுதாக இல்லை. உனக்கு இது மூன்றாம் தடவை. பல்கலைக்கழகத்துக்கு மூன்று தடவைதான் கணக்கு, இதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நீயோ ஆலையில் மூட்டைக்குக் குறி போட்டுக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் "இனி எழுதமாட்டன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். கோபித்துப் போகுமுன், பெறுபேறுக்குக் காத்திருக்கும்போதே, நீயே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். இங்கே என் நிலைமை என்னவென்றால், முந்தநாள் மூதூருக்குச் சனம் ஏற்றிப் போன என் லாஞ்சிப் படகை, நித்திரை இல்லாத யோசனையில் துறையைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டேன். சனம் கத்திய பிறகுதான் திருப்பினேன். மீன் யாவாரி ஒருவர், "என்ன சுக்கானி, எங்களை மட்டக்களப்புக்கோ கொண்டுபோறியள்? சொன்னா வீட்டில சொல்லிப்போட்டு வந்திருப்பம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் படித்தவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூட மதிலால் பாய்ந்து வெளியே வந்தவன், திரும்பிப் போகவே இல்லை. யாரும் துரத்தவில்லை. ஒரு இடத்தில் குந்தியிருக்க என்னால் ஏலாது, அவ்வளவுதான். எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பெயின்ற் அடித்தேன், கப்பலிலிருந்து சாமான் இறக்குகிற பாதை என்ற தட்டைப் படகுகளில் மூட்டை தூக்கினேன், வெருகலில் ஒருவரோடு சேர்ந்து மாடு வாங்கி விற்றேன், எதிலும் ஒரு வருசம் நின்றதில்லை. இருபது வயதுக்குள் கலியாணமும் கட்டி, நீயும் பிறந்துவிட்டாய். இன்னும் எனக்கு நாற்பது வயது ஆகவில்லை, தம்பி. என்னோடு பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களில் சிலர் இப்போதுதான் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறார்கள். படிப்பு என்றால் தலைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? கொப்பியைத் திறந்து பார்த்தால் எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். அதனால் எனக்கு விளங்கிய ஒன்றை வைத்து அளந்தேன். காதை வைத்து.

அன்புவழிபுரத்தில் நம்முடைய ஒழுங்கையில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். விளக்கு வைத்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிள்ளைகள் சத்தம்போட்டு வாசிக்கத் தொடங்குவார்கள். எந்த வீட்டில் சத்தம் கூடவோ அந்த வீட்டுப் பிள்ளை கெட்டிக்காரன். சத்தம் நின்றால் குசினிக்குள் இருந்து தாய் கத்துவாள். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா வேலியால் எட்டிப் பார்த்துச் சொல்லுவா: "உங்கட பொடியன் வாசிக்கிறது கொட்டியாரக் குடா மட்டும் கேக்குது. என்ர மூதேவிக்கு வாயைத் திறக்க ஒரு இடியப்பம் குடுக்கவேண்டிக் கிடக்கு." அதைக் கேட்க எனக்குப் பெருமையில் சட்டை இறுகும். வேலை முடிந்து வந்து வாசலில் கதிரையைப் போட்டு, உள்ளே நீ வாசிக்கிறதைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் அதைப்போல ஒரு சுகம் எனக்கு வேறு எதிலும் இருந்ததில்லை. நீ கொஞ்ச நேரம் அமைதியானால் உடனே கேட்பேன்: "என்ன தம்பி, சத்தத்தைக் காணேல்லை?" நீ திரும்பவும் அந்தப் பாடத்தின் முதல் வரியிலிருந்து தொடங்குவாய். கோயிலில் தேவாரம் பாடுகிறவரை நடுவில் மறித்தால் அவர் திரும்ப முதல் அடிக்குப் போவாரே, அதுபோல.

நீ அமைதியாக இருந்த அந்த நேரத்தில்தான் யோசித்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியவில்லை.

முதல்தடவை ஒரு பாடம் போனது. சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை இரண்டு பாடம் போனது. கூட நேரம் வாசித்து, கூடச் சத்தம் போட்டு, கீழே போயிருந்தாய். பெறுபேறு வந்த அன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "உன்ர விளக்குக்கு ஊத்தின மண்ணெண்ணையை லாஞ்சிக்கு ஊத்தியிருந்தா அது பாஸ் பண்ணியிருக்கும்" என்றேன். நீ சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினாய். கத்தவில்லை. வாத்தியாருக்கு விடை சொல்கிறவன் போலச் சொன்னாய்: "நீங்கள் சத்தம்தானே அப்பா கேட்டனீங்கள். சத்தம் தந்தனான்தானே. இதுக்கு மேல என்ன வேணும்?" அடுத்தநாள் காலையில் நீ வீட்டில் இல்லை. உன் சட்டைகள் இல்லை. கொப்பி எல்லாம் அப்படியே இருந்தது.

அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவா. நாலாம் நாள் தேங்காய் திருவிக்கொண்டு இருந்தவ, திருவலையை விட்டு எழும்பாமலே கேட்டா: "நீங்கள் சுக்கானி லைசன் எடுத்த கதையை மறந்திட்டியளோ?" நான் மறந்துதான் போயிருந்தேன். உனக்கு அப்போது மூன்று வயது. மூட்டை தூக்கி முதுகு போய், லாஞ்சி ஓட்டுகிற லைசன் எடுக்கலாம் என்று போனேன். விதிகள் எல்லாம் ஒரு சின்னப் புத்தகத்தில் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பாட்டுப் போல பாடமாக்கினேன். சோதனைக்கு இருந்த துறைமுக அதிகாரி முதல் விதியைக் கேட்கவில்லை. "எதிர இருட்டுக்குள்ள ஒரு சிவப்பு வெளிச்சமும் ஒரு பச்சை வெளிச்சமும் சேர்ந்து தெரியுது. என்ன அது?" என்று கேட்டார். நேரே எங்களை நோக்கி வருகிற படகு என்ற விடை எனக்குத் தெரியும். ஆனால் அது புத்தகத்தின் நடுவில் இருந்தது. அங்கே போய்ச் சேர முதலாவதிலிருந்து வாய்க்குள் சொல்லிக்கொண்டு வரவேண்டியிருந்தது. "என்ன முணுமுணுக்கிறாய், பூசை செய்யிறியோ? அந்த நேரத்துக்குள்ள ரெண்டும் மோதி, சனம் கடலுக்குள்ள தாண்டு போகும். போ, பிறகு வா" என்று அனுப்பிவிட்டார்.

இரண்டாம்முறை அம்மாதான் என்னைப் படிப்பித்தா. அவவும் ஐந்தாம் வகுப்புத்தான். புத்தகத்தை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேங்காய் திருவும்போது இடையிலிருந்து ஒன்று, மீன் வெட்டும்போது கடைசியிலிருந்து ஒன்று, உன்னைக் குளிக்க வார்க்கும்போது முதலிலிருந்து ஒன்று என்று கேட்பா. "சிவப்பு மட்டும் தெரியுது. கெதியாச் சொல்லுங்கோ." நான் முழித்தால், "பிழைச்சுப்போச்சு. இண்டைக்குச் சம்பல் இல்லை" என்பா. உண்மையாகவே தரமாட்டா. சரியாகச் சொன்னதைச் சில நாள் விட்டுவிடுவா. பிழைத்ததை அடுத்தநாளும் கேட்பா, அதற்கடுத்த கிழமையும் நினைத்திருந்து கேட்பா. அப்படித்தான் பாஸ் பண்ணினேன். அதிகாரி எங்கிருந்து கேட்டாலும் விடை அங்கேயே நின்றது. இவ்வளவும் எனக்கு நடந்தும், என் பிள்ளை வாசிக்கும்போது ஒரு நாளும் அது ஞாபகம் வரவில்லை. "நீ அவனிட்டயும் அப்பிடிக் கேட்டிருக்கலாம்தானே, எனக்கு அப்பவே சொல்லியிருக்கலாம்தானே" என்று அம்மாவிடம் சொன்னேன். "உங்களுக்கோ? வாசலில கதிரையைப் போட்டுக்கொண்டு கச்சேரி கேக்கிற மாதிரி இருந்த ஆளுக்கோ?" என்றா.

அதற்குப் பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. லாஞ்சியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, கிண்ணியாத் துறையைக் கடந்து குறிஞ்சாக்கேணிக்குப் போனேன், உன் கூட்டாளி நசீரைத் தேடி. உன்னோடு ஒரே வகுப்பில் இருந்து படித்தவன், போனமுறை பாஸ் பண்ணி, இப்போது பல்கலைக்கழகம் கூப்பிடும் என்று வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய உம்மா என்னைக் கண்டதும், "வாங்க தம்பி, இருங்க, தேத்தண்ணி ஊத்துறன்" என்று உள்ளே போனா. நான் தேத்தண்ணி வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. "நீ எப்பிடியடா படிச்சனீ? ஒளிக்காமச் சொல்லு" என்று கேட்டேன். அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான்.

"மாமா, என்னைப் பாஸ் பண்ண வைச்சதே உங்கட மகன்தான். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதே, சொல்லு" என்றேன். அவன் சொன்னான். பள்ளிக்கூடம் விட்டு, கிண்ணியாவுக்குப் போகிற பஸ் வரும்வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் இறங்குதுறையில் இருப்பீர்களாம். மூட்டை ஏற்றிக்கொண்டு நிற்கிற பாதையைக் காட்டி, ஒவ்வொரு மூட்டை இறங்கவும் அது எவ்வளவு மேலே வரும், ஏன் வரும் என்று நீ விளங்கப்படுத்துவாயாம். கரித்துண்டால் தூணில் கோடு கீறிவிட்டு, "இப்ப பார், விளிம்பு இந்தக் கோட்டில வந்து நிக்கும்" என்பாயாம். அதுவும் வந்து நிற்குமாம். அவன் விளங்கவில்லை என்றால் நீ வேறு மாதிரிச் சொல்லுவாயாம். அப்படி வேறு மாதிரிச் சொல்லப்போய் உனக்கே புதிதாக ஒன்று விளங்குமாம். "எனக்குப் பௌதிகம் அங்கதான் ஏறினது மாமா. அவனுக்கும் அங்கதான் ஏறினது. பிறகு நீங்க ஒருநாள் வந்து ஏசினீங்களே, அண்டையோட அவன் வாறல்ல."

ஓம். வந்தேன். ஏசினேன். லாஞ்சியைக் கட்டிவிட்டு வரும்போது நீங்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டு, தூணில் கரியால் கிறுக்கிக்கொண்டு இருந்ததைக் கண்டேன். மூட்டைக்காரர் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, "அரட்டை அடிக்கவோ உன்னைப் படிக்க வைச்சனான்? வீட்டை போய்ச் சத்தம்போட்டுப் படி" என்று துரத்தினேன். நீ கையில் இருந்த கரியைத் தண்ணீருக்குள் எறிந்துவிட்டுப் போனாய். ஒரு நாளும், "அப்பா, அதுதான் படிப்பு" என்று நீ சொல்லவில்லை. சொன்னால் நான் நம்பியிருப்பேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நம்பியிருக்க மாட்டேன்.

நான் அவனை விடவில்லை. மிச்சத்தையும் சொல்லு என்றேன். தம்பி, அவன் சொன்னதை இங்கே எழுதுகிறேன். என் சொல்லாக எடுக்காதே, நசீரின் சொல்லாக எடு. அவன் கொப்பியை ஒருதரம் கவனமாக வாசிப்பான், பிறகு மூடிவிட்டு வெறும் தாளில் ஞாபகம் இருக்கிறதையெல்லாம் எழுதுவான், பிறகு திறந்து பார்த்து விட்டதைச் சிவப்புப் பென்சிலால் போடுவான். அடுத்தமுறை சிவப்பை மட்டும் படிப்பான். பழைய வினாத்தாளை எடுத்தால் மணிக்கூட்டை முன்னால் வைத்து, சோதனை மண்டபத்தில் இருக்கிறது போல இருந்து எழுதுவான். கொப்பி கிட்ட இருந்தால் கை போகும் என்று அதையெல்லாம் உம்மாவிடம் கொடுத்துவிடுவானாம். "கேட்டாலும் தரமாட்டா மாமா" என்றான். உம்மா உள்ளேயிருந்து, "அழுதாலும் குடுக்கிறல்ல" என்றா. பிறகு அவன் இன்னொன்றும் சொன்னான். "தெரிஞ்சதைத் திருப்பித் திருப்பி வாசிச்சா நல்ல சந்தோசமா இருக்கும் மாமா. எல்லாம் தெரியும் போல இருக்கும். அதுதான் ஆபத்து."

வீட்டுக்கு வந்து உன் இரசாயனக் கொப்பியை எடுத்தேன். எழுத்து விளங்காவிட்டாலும் தாள் விளங்கும்தானே. முன்பக்கங்கள் கைபட்டுக் கறுத்து, ஓரம் சுருண்டு, எண்ணெய் ஊறிக் கிடந்தன. நடுவுக்குப் போகப்போக வெளுத்துக்கொண்டு வந்தன. கடைசிப் பக்கங்கள் கடையில் வாங்கியது போல இருந்தன. நான் "சத்தத்தைக் காணேல்லை" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் நீ முதல் பக்கத்துக்குப் போயிருக்கிறாய். சோதனைக்காரர் கடைசியிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். இதில் உன்னுடைய பிழை எது, என்னுடையது எது என்று நான் பிரித்துப் பார்த்துக்கொண்டு இருக்கப்போவதில்லை. அதற்கு நேரம் இல்லை.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். இனிமேல் முதல் பாடத்திலிருந்து தொடங்காதே. வெளுத்த பக்கங்களிலிருந்து தொடங்கு, கறுத்த பக்கங்கள் உனக்குள் இருக்கும். உனக்குப் பிடித்த பௌதிகத்தை முதலில் எடுத்து, பிடிக்காத இரசாயனத்தைத் தூங்கிவழிகிற நேரத்துக்குத் தள்ளாதே. தலை தெளிவாக இருக்கும்போது பிடிக்காததை எடு. ஒரே நாளில் ஒரு பாடத்தை முடித்துவிட்டேன் என்று மூடிவைக்காதே. கொஞ்ச நாள் கழித்துத் திரும்பப் போய்த் தட்டிப் பார், ஆள் உள்ளே இருக்கிறாரா என்று. விடியற்காலையில் முகத்தில் தண்ணீர் தெளித்து உன்னை எழுப்புவேனே, அதை யாரையும் செய்ய விடாதே. நித்திரை கொள். நித்திரை இல்லாமல் நான் சுக்கான் பிடித்தால் என்ன நடக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறேன். ஒன்றைப் படித்தால் அது தெரியாத ஒருவருக்கு அதை விளங்கப்படுத்திப் பார். அவர் தலையாட்டினால் நம்பிவிடாதே, திருப்பிச் சொல்லச் சொல்லு. அவர் தடக்குகிற இடத்தில்தான் நீயும் தடக்கியிருப்பாய். வாய்விட்டு வாசிக்க வேண்டுமென்றால் வாசி, வேண்டாமென்றால் நாள் முழுக்க ஒரு சொல்லும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இரு. யாரும் கேட்கமாட்டார்கள்.

எனக்காக எழுது என்று சொல்ல வரவில்லை. நான் படிக்காததை நீ படித்துக் காட்டவேண்டும் என்று முன்பு சொல்லியிருக்கிறேன்; அதைத் திருப்பி எடுக்கிறேன். மதிலால் பாய்ந்தது நான், அதற்கு நீ ஏன் உள்ளே இருக்கவேண்டும்? ஆனால் நான் பாய்ந்தபோது எனக்கு மதிலுக்கு உள்ளே ஒன்றும் பிடிக்கவில்லை. உனக்கு அப்படி இல்லை. தூணில் கோடு கீறி, பாதை அந்தக் கோட்டுக்கு வந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டு இருந்தவன் நீ. பிடித்த ஒன்றை விட்டுவிட்டு ஓடிப்போனவனுக்கு அது வாழ்நாள் முழுக்கத் தொண்டையில் நிற்கும். நான் பல தொழில் விட்டவன், எதை விட்டபோதும் எனக்கு வலித்ததில்லை. உனக்கு வலிக்கும், தம்பி. எழுதிப் பெயிலானால் ஆலைக்கே போ, நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். எழுதாமல் மட்டும் விட்டுவிடாதே.

வீட்டுக்கு வா என்று கேட்கத்தான் இந்தப் பேனாவை எடுத்தேன். எழுதிக்கொண்டு வரும்போதுதான் விளங்குகிறது, வரவேண்டாம். நீ உள்ளே இருந்தால் நான் வாசலில் இருப்பேன். வாயை மூடினாலும் காதை மூட எனக்குத் தெரியாது. நசீர் ஒன்று சொல்லிவிட்டிருக்கிறான்: பல்கலைக்கழகம் கூப்பிடும்வரைக்கும் தான் சும்மாதான் இருக்கிறானாம், நீ அங்கே போய்த் தங்கினால் பழைய வினாத்தாள் எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாமாம். "அவன் எனக்குச் சொன்னான், இப்ப என்ர முறை" என்றான். உன் கொப்பிகளையும் மாற்றுச் சட்டையையும் அம்மா நேற்றே அங்கே அனுப்பிவிட்டா. சோதனைக்கான அனுமதி அட்டை வந்ததும் அதையும் நசீரின் கையில் கொடுத்துவிடுவேன். கந்தளாயில் பஸ் ஏறினால் தம்பலகாமச் சந்தியில் இறங்கி அப்படியே கிண்ணியாவுக்குப் போய்விடலாம். பட்டணத்துக்கு வரத் தேவையில்லை, எங்கள் முகத்தில் முழிக்கவும் தேவையில்லை. சோதனை முடியும்வரை நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். எப்படி எழுதினாய் என்று ஆள் விட்டும் கேட்கமாட்டேன். மண்டபத்து வாசலிலும் நிற்கமாட்டேன். வராமல் இருக்கிறதுதான் எனக்குக் கஷ்டம் என்பது உனக்குத் தெரியும்.

உனக்கு அறையும் மேசையும் ஒதுக்கிப் பாயும் எடுத்து வைத்தாயிற்று என்று நசீரின் உம்மா சொல்லியனுப்பியிருக்கிறா. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்பு. பஸ் போய்விடும்.